வடித்த தண்ணீரோடு போவது எது?

மைக்ரோவேவ் அடுப்பு இருக்கிற வீடுகளிலும் அதற்கென்று ஒதுக்கிய வேலை பெரும்பாலும் ஒன்றுதான்: ஆறியதைச் சூடாக்குவது. பாலும் காப்பியும் முந்தின நாள் குழம்பும் அதற்குள் போகும், கீரை போகாது. கேட்டால், அந்தக் கதிர் பட்டால் கீரையில் இருக்கிற சத்தெல்லாம் செத்துவிடும் என்று பதில் வரும். அதே வீட்டில் கீரையைப் பொடியாக நறுக்கி, நறுக்கிய பிறகு மூன்று தண்ணீரில் அலசி, குக்கரில் ஒரு செம்புத் தண்ணீர் விட்டு வேகவைத்து, மிஞ்சியதைத் தொட்டியில் வடித்துவிடுவார்கள். அதற்கு யாரும் பயப்படுவதில்லை. கீரையின் சத்து எந்த வழியாகப் போகிறது என்று உட்கார்ந்து கணக்குப் பார்த்தால், பழியில் பெரும்பங்கு தண்ணீருக்கும் நேரத்துக்கும்தான் போய்ச் சேரும். இந்த இரண்டையும் குறைவாகக் கேட்கிற அடுப்பு எதுவோ அதுவே இளங்கீரைக்கு ஏற்ற அடுப்பு. அப்படிப் பார்த்தால், நாம் சந்தேகப்படும் அந்தப் பெட்டி குக்கரைவிட மேல். எல்லாக் கீரைக்கும் அப்படி இல்லை, எல்லா உடம்புக்கும் அப்படி இல்லை. ஆனால் அந்த விலக்குகளும் இதே கணக்கிலிருந்துதான் கிளைக்கின்றன.

கீரையில் இருப்பவை எல்லாம் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. இரும்பும் கால்சியமும் தாதுக்கள். எந்த அடுப்பின் சூடும் அவற்றை அழிக்காது. பீட்டா கரோட்டினும் வைட்டமின் கே-யும் கொழுப்பில் கரைபவை; தண்ணீரில் இறங்கிப் போகாது. பீட்டா கரோட்டின் விஷயத்தில் வேகவைப்பது நன்மையும்கூட: இலையின் செல் சுவர் இளகினால்தான் அது வெளியே வரும், கூடவே கொஞ்சம் எண்ணெயோ நெய்யோ இருந்தால்தான் குடல் அதை வாங்கிக்கொள்ளும். கீரையைப் பச்சையாகத் தின்பதே உத்தமம் என்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை. சிக்கலெல்லாம் வைட்டமின் சி, ஃபோலேட் என்ற இரண்டோடுதான். இவை தண்ணீரில் கரையும், சூட்டில் சிதையும். ஃபோலேட்டை லேசாக எண்ணுவதற்கில்லை. கருவில் குழந்தையின் முதுகுத்தண்டு உருவாகும் ஆரம்ப வாரங்களில் அது போதாமல் போனால் என்ன ஆகும் என்பது மருத்துவ உலகம் நன்றாக அறிந்த செய்தி. ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2011-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில் பொதுவாக நாளைக்கு 50 கிராம் கீரை என்று சொல்லி, கர்ப்பிணிகளுக்கு மட்டும் அதை 100 கிராமாக்கியதை இதோடு சேர்த்துப் பார்க்கலாம். அந்த 100 கிராமும் இலையாக வாயில் விழுந்து, அதன் ஃபோலேட் சாக்கடைக்குப் போனால் என்ன பயன்?

எவ்வளவு போகிறது என்பதை வட அயர்லாந்தின் அல்ஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அளந்து 2002-ல் வெளியிட்டார்கள். பாலக்கீரையைச் சில நிமிடம் கொதிநீரில் வேகவைத்து வடித்தபோது ஃபோலேட்டில் ஏறக்குறைய பாதிதான், 49 சதவீதம்தான், மிஞ்சியது. அதே கீரையை நாலரை நிமிடம் வரை ஆவியில் வேகவைத்தபோது சொல்லும்படியான இழப்பு எதுவும் இல்லை. சூடு இரண்டிலும் உண்டு. ஆவி ஒன்றும் ஆறிய காற்று இல்லை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், இலை தண்ணீரில் மூழ்கியிருந்ததா இல்லையா என்பதுதான். ஆக, அந்தச் சில நிமிடங்களில் ஃபோலேட் சூட்டில் எரிந்து போகவில்லை, தண்ணீருக்குக் குடிபெயர்ந்திருக்கிறது. இந்த ஒரு முடிவைக் கையில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகத் தெளியும்.

மைக்ரோவேவுக்குள் நடப்பதும் ஒரு வகையில் ஆவியில் வேகவைப்பதுதான். ரேடார் கருவிக்கான மின்குழாய்களோடு வேலை செய்துகொண்டிருந்த அமெரிக்கப் பொறியாளர் பெர்சி ஸ்பென்சர் 1945-ல் கண்டுகொண்ட வழி இது. 2.45 கிகாஹெர்ட்ஸ் அலை உணவுக்குள் சில சென்டிமீட்டர் நுழைந்து, அங்கிருக்கும் தண்ணீர் மூலக்கூறுகளை விடாமல் ஆட்டுகிறது. அந்த ஆட்டத்தில் சூடு பிறக்கிறது. இளங்கீரையின் எடையில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். அதனால் கழுவிய கீரையை மூடிபோட்ட கண்ணாடிப் பாத்திரத்தில் வைத்தால், இலையில் ஒட்டிய நீரும் இலைக்குள்ளிருக்கும் நீரும் ஆவியாகி, அந்த ஆவியிலேயே அது வெந்துவிடும். வெளியிலிருந்து தண்ணீர் வேண்டாம், தண்ணீர் கொதிக்கும்வரை காத்திருக்கவும் வேண்டாம். இந்தக் காத்திருப்பு இல்லாததற்கு இன்னொரு பலனும் உண்டு. கீரையை நறுக்கியதுமே அதிலுள்ள ஒரு நொதி வைட்டமின் சி-யை ஆக்சிஜனோடு சேர்த்துச் சிதைக்க ஆரம்பிக்கிறது. வெதுவெதுப்பில் அது சுறுசுறுப்பாகும், நல்ல சூட்டில் செயலிழக்கும். அடுப்பில் மெதுவாகச் சூடேறும் கீரை அந்த வெதுவெதுப்பிலேயே நெடுநேரம் நிற்கிறது. மைக்ரோவேவ் அந்தக் கட்டத்தைச் சட்டென்று தாண்டிவிடுகிறது.

கதிர் என்ற பயத்துக்கு இங்கேயே ஒரு பதில் சொல்லிவிடலாம். எக்ஸ்ரே போல அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கும் வலு இந்த அலைக்குக் கிடையாது. அதன் செய்கை சூடாக்குவதோடு முடிகிறது. பொத்தானை அணைத்தால் அலை நிற்கிறது. உணவில் எதுவும் தங்குவதில்லை. வீட்டு வைஃபை ஓடுவதும் ஏறத்தாழ இதே அலைவரிசையில்தான், வலிமைதான் பல மடங்கு குறைவு. கதவின் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் சிறு துளையிட்ட உலோகத் தகடு அலையை உள்ளேயே பிடித்துவைக்கிறது. 12 சென்டிமீட்டர் நீள அலை அந்தத் துளை வழியே தப்பாது. கதவு நெளிந்துபோன, சரியாக மூடாத அடுப்பைப் பயன்படுத்தக் கூடாது என்பது நியாயமான எச்சரிக்கை. அதற்கு மேல் போவது வாட்ஸ்அப் ஞானம். அதில் அடிக்கடி வரும் கதை ஒன்று: சுவிட்சர்லாந்து விஞ்ஞானி ஒருவர் மைக்ரோவேவ் உணவு ரத்தத்தைக் கெடுக்கிறது என்று நிரூபித்தார், தொழிற்சாலைக்காரர்கள் அவர் வாயை அடைத்தார்கள், ஐரோப்பிய நீதிமன்றம் அவர் சொன்னதே சரி என்று தீர்ப்பளித்தது. ஹான்ஸ் ஹெர்டல் என்ற அந்த மனிதர் இருந்ததும் வழக்கு நடந்ததும் உண்மை. ஆனால் அவர் சோதித்தது எட்டுப் பேரை. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1998-ல் சொன்னது, அவர் தன் கருத்தைச் சொல்லத் தடை போட்டது பேச்சுரிமை மீறல் என்பது மட்டும்தான். கருத்து சரியா தவறா என்பது அங்கே தீர்ப்புக்கு வந்த கேள்வியே இல்லை.

இதைவிட கனமான எதிர்வாதம் ஸ்பெயினிலிருந்து வந்தது. மூர்சியா நகர ஆய்வாளர்கள் 2003-ல் புரோக்கோலியைப் பல வகையில் சமைத்துப் பார்த்தார்கள். மைக்ரோவேவில் வெந்ததில் ஃபிளாவனாய்டுகள் 97 சதவீதம் போய்விட்டன. சாதாரணமாகக் கொதிக்கவைத்ததில் 66, அழுத்தத்தில் வேகவைத்ததில் 47, ஆவியில் வேகவைத்ததில் 11. உலகமெங்கும் பத்திரிகைகள் முதல் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டன. இன்றைக்கும் மைக்ரோவேவுக்கு எதிராகப் பேசுபவர்கள் காட்டும் ஒரே உருப்படியான ஆதாரம் அதுதான். அந்தச் சோதனையில் புரோக்கோலியை வெறுமனே வைக்கவில்லை. அதன் எடைக்குச் சமமாகத் தண்ணீர் ஊற்றி, முழு வலுவில் ஐந்து நிமிடம் ஓட்டினார்கள். அதாவது மைக்ரோவேவுக்குள் வைத்துக் கொதிநீரில் அவித்தார்கள். கொதிநீரில் அவித்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆனது, கூடுதல் வேகத்தோடு. அந்த ஆய்வு பொய்யில்லை. அது மைக்ரோவேவ் மீதான குற்றப்பத்திரிகையாகப் படிக்கப்பட்டதுதான் பிழை. சரியாகப் படித்தால், எந்த அடுப்பானாலும் தண்ணீர் ஊற்றாதே என்கிற பாடம்தான் அதில் இருக்கிறது. ஆவி 11, தண்ணீரில் மூழ்கியவை 47 முதல் 97 என்று அந்த எண்களே வரிசை கட்டி நிற்கின்றன.

தண்ணீரில்லாமல் வைத்தால் என்ன கிடைக்கும்? கொரிய ஆய்வாளர்கள் 2018-ல் பாலக்கீரை உள்ளிட்ட பல காய்கறிகளைக் கொதிக்கவைத்தும் ஆவியிலும் மைக்ரோவேவிலும் சமைத்து அளந்தார்கள். வைட்டமின் சி பொதுவாக மைக்ரோவேவில் அதிகமாகத் தங்கியது, கொதிநீரில் குறைவாகத் தங்கியது. வைட்டமின் கே விஷயத்தில் ஒரே விடை கிடைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பாலக்கிலும் சுவிஸ் சார்டு என்ற பீட்ரூட் இனக் கீரையிலும் அது மைக்ரோவேவில்தான் குறைவாக இழக்கப்பட்டது. கொரியர்கள் விரும்பிச் சாப்பிடும் வேறு இரண்டு கீரைகளில் மைக்ரோவேவில்தான் அதிகமாக இழக்கப்பட்டது. இலைக்கு இலை குணம் மாறுகிறது. ஒரு கீரையில் அளந்ததை எல்லாக் கீரைக்கும் பொதுவிதியாக்குபவர், அது எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும், கொஞ்சம் பொறுக்க வேண்டும்.

நம் பாட்டிமார் இதெல்லாம் தெரிந்தா கீரை கடைந்தார்கள் என்று ஒரு கேள்வி எழும். தெரிந்தோ தெரியாமலோ, கடைசல் இந்தக் கணக்கில் நன்றாகவே தேறுகிறது. மண்சட்டியில் உள்ளங்கை அளவு தண்ணீர், அதில் வெந்த கீரை, வடிக்காமல் அப்படியே மத்தால் கடைதல்: இலையிலிருந்து இறங்கிய ஃபோலேட் தண்ணீரோடு சேர்ந்து மறுபடி தட்டுக்கே வந்துவிடுகிறது. சூட்டில் கொஞ்சம் வைட்டமின் சி போகும். பிற்பாடு எலுமிச்சை பிழிந்தால் அதை ஈடுகட்டலாம், கீரையின் இரும்பை உடல் ஏற்கவும் அது உதவும். கூட்டும் சாம்பாரும் இதே வகை, அவற்றிலும் தண்ணீர் வெளியே போவதில்லை. கெட்டது பழைய முறையால் இல்லை, பழைய முறையைப் பாதி மறந்ததால். குக்கர் வந்தபின் தண்ணீரின் அளவு கூடியது, கூடிய தண்ணீரை வடிக்க வேண்டியதாயிற்று. ‘கீரையை மூடாமல் வேகவை’ என்ற பாட்டி விதிக்கும் ஒரு காரணம் உண்டு. வேகும்போது இலையிலிருந்து அமிலங்கள் வெளிவருகின்றன. மூடினால் அவை உள்ளேயே நின்று பச்சையத்தின் நடுவிலிருக்கும் மக்னீசியத்தைத் தள்ளிவிட, கீரை பாசி நிறத்துக்கு மாறிவிடுகிறது. திறந்துவைத்தால் அமிலம் ஆவியோடு போய்விடும், நிறம் நிற்கும். அதே நிறத்துக்காகச் சிலர் ஒரு சிட்டிகை சமையல் சோடா போடுகிறார்கள். நிறம் நிற்கும், வைட்டமின் சி நிற்காது. மைக்ரோவேவில் மூடித்தான் வைக்கிறோம், ஆனாலும் பச்சை அதிகம் கெடுவதில்லை. மூன்று நான்கு நிமிடத்துக்குள் அந்த அமிலத்துக்குப் பெரிதாக வேலை செய்ய அவகாசம் கிடைப்பதில்லை என்பதே காரணம்.

இனி, மைக்ரோவேவ் கூடாத இடம். சிறுநீரகக் கல் வந்தவர்களுக்கு, அதிலும் கால்சியம் ஆக்சலேட் கல் வந்தவர்களுக்கு, மேலே சொன்ன நியாயம் முழுவதும் தலைகீழாகிறது. ஆக்சலேட்டும் தண்ணீரில் கரையும் பொருள்தான். அமெரிக்க ஆய்வாளர்கள் 2005-ல் அளந்தபோது, கொதிக்கவைத்து வடித்ததில் காய்கறிகளின் கரையும் ஆக்சலேட் 30 முதல் 87 சதவீதம் வரை குறைந்தது. ஆவியில் 5 முதல் 53 வரைதான். ஃபோலேட்டைக் காப்பாற்றுகிற சிக்கனமே இங்கே ஆக்சலேட்டையும் காப்பாற்றிக் கொடுத்துவிடுகிறது. மருத்துவர் ஆக்சலேட்டைக் குறைக்கச் சொல்லியிருந்தால் பாலக்கையும் தண்டுக்கீரையையும் நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடிப்பதே முறை, அல்லது கீரையை மாற்றுவது. இரண்டாவது வழி அதிகம் பேசப்படுவதில்லை. நியூசிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகத்தில் இந்தியக் கீரைகளை ஆராய்ந்து 2008-ல் வெளியிட்டபோது, பாலக், தண்டுக்கீரை இனங்கள், சேப்பங்கீரை ஆகியவற்றில் ஆக்சலேட் மிகுந்திருந்தது. முருங்கை, வெந்தயக்கீரை, கொத்தமல்லி, கறிவேப்பிலை ஆகியவற்றில் இருந்ததோ கரையாத வகை மட்டும். உடல் பெரிதாக உறிஞ்சுவது கரையும் வகையைத்தான். ஆகவே கல் பிரச்சினை உள்ள வீட்டில் பாலக்கை வடித்து வடித்துச் சக்கையாக்குவதைவிட வெந்தயக்கீரைக்கு மாறிக்கொள்வது புத்திசாலித்தனம். அதைத் தண்ணீரில்லாமலே வேகவைக்கலாம்.

செய்முறை என்று பார்த்தால் சொல்ல அதிகமில்லை. கட்டைப் பிரித்து, ஆய்ந்து, முழு இலையாகவே அலசிவிட்டு, பிறகு நறுக்க வேண்டும். நறுக்கிவிட்டு அலசினால் வெட்டுவாயிலிருந்து சத்து அப்போதே இறங்க ஆரம்பிக்கும். உதறிய பிறகும் இலையில் ஒட்டியிருக்கும் நீரே பாலக்குக்கும் பசலைக்கும் வெந்தயக்கீரைக்கும் போதும். சிறுகீரை, அரைக்கீரைக்கு இரண்டு மூன்று கரண்டி தண்ணீர் தெளிக்கலாம், அதை வடிக்காமல் மசிக்கும்போது சேர்த்துக்கொள்ளலாம். கண்ணாடி அல்லது பீங்கான் பாத்திரத்தில் லேசாக ஆவி போக இடம் விட்டு மூடி, 800 வாட் அளவில் இரண்டு நிமிடம், ஒருமுறை கிளறல், மறுபடி ஒன்றிரண்டு நிமிடம், பிறகு திறக்காமல் ஒரு நிமிடம். கடைசி ஒரு நிமிடத்தை அவசரத்தில் விட்டுவிடக் கூடாது. மைக்ரோவேவின் உண்மையான குறை, சூடு எல்லா இடத்திலும் சமமாக விழாதது. ஓர் இடம் கொதிக்கும்போது பக்கத்தில் ஒரு கொத்து வெதுவெதுப்பாக நிற்கும், அங்கே கிருமி பிழைக்கும். கிளறலும் அந்த ஓய்வும்தான் சூட்டைப் பரப்புகின்றன. உப்பை வெந்தபிறகு போட்டால் போதும். இரண்டு பேருக்கு இதுவே எளிது. ஆறு பேருக்கு மூன்று கட்டுக் கீரையைத் திணித்தால் நேரமும் கூடும், நடுவில் வேகாமலும் போகும். பெரிய குடும்பத்துக்கு இட்லிப் பாத்திரத்தின் ஆவி நன்றாகவே உதவும், அதே கணக்கின்படி.

பிளாஸ்டிக் டப்பா மட்டும் வேண்டவே வேண்டாம். நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் 2023-ல் பிளாஸ்டிக் உணவு டப்பாக்களை மூன்று நிமிடம் மைக்ரோவேவில் வைத்துப் பார்த்தபோது, சில டப்பாக்களின் ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பிலிருந்து 40 லட்சத்துக்கு மேற்பட்ட நுண்பிளாஸ்டிக் துகள்களும், அதைவிடச் சிறிய துகள்கள் 200 கோடிக்கு மேலும் உதிர்ந்தன. ‘மைக்ரோவேவுக்கு உகந்தது’ என்று அடியில் எழுதியிருந்தால் டப்பா உருகாது என்ற அளவுக்கே அதை எடுத்துக்கொள்ள வேண்டும். இன்னொரு விநோதம், காய்ந்த மெல்லிய இலை சில சமயம் அடுப்புக்குள் பொறி விடும். வெளிநாட்டில் கேல் என்ற சுருள்கீரையை வைத்தவர்கள் பார்த்துப் பயந்த காட்சி அது. ஈரம் குறைந்து, தாதுக்கள் செறிந்து, விளிம்பு கூர்மையாக இருக்கும் இலையில் மின்புலம் குவிவதால் வருவது. தண்ணீர் தெளித்தால் நின்றுவிடும். முருங்கையிலையும் அகத்தியும் நம் பக்கத்தில் அந்த வறண்ட, உரம் கூடிய சாதி. அவற்றுக்கு நேரமும் கொஞ்சம் தண்ணீரும் வேண்டும், அகத்தியின் கசப்பு போக வேண்டும். அவை அடுப்பிலேயே இருக்கட்டும். 100 கிராமுக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி வைத்திருக்கும் முருங்கைக்கீரை, சமையலில் பாதியை இழந்தாலும் ஏழையாகிவிடாது.

ருசி விஷயத்தில் மைக்ரோவேவுக்காக வாதாட முடியவில்லை. திறந்த சட்டியில் ஆவியோடு பச்சை வாசனை போய்விடுகிறது, மூடிய பாத்திரத்தில் அது தங்குகிறது. பூண்டும் சின்ன வெங்காயமும் எண்ணெயில் சிவக்கிற மணத்தை எந்த அலையும் தராது. தாளிப்பை வாணலியில் தனியாகச் செய்து வெந்த கீரையில் கொட்டுவதுதான் வழி. அந்த எண்ணெய் பீட்டா கரோட்டினுக்கும் துணை. அதற்கு எப்படியும் கேஸைப் பற்றவைக்க வேண்டுமே, பிறகு மைக்ரோவேவ் எதற்கு என்று கேட்டால், கேள்வியில் நியாயம் இருக்கிறது. பதில் நேரச் சிக்கனம் இல்லை. தண்ணீரை அளந்து ஊற்றுகிற பொறுமை இல்லாத கைக்கும், விசில் எண்ண மறக்கிற காதுக்கும், அளவை மீற விடாத ஒரு பெட்டி கிடைக்கிறது என்பதுதான் பதில்.

கீரையை மறுபடி சூடாக்கினால் விஷம் என்ற பேச்சும் மைக்ரோவேவின் தலையில்தான் விழுகிறது, ஏனென்றால் மறுபடி சூடாக்குவது அதில்தான். கீரைகளில் இயல்பாகவே நைட்ரேட் அதிகம். சமைத்த கீரையை வெளியில் மணிக்கணக்கில் வைத்தால் பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும். கைக்குழந்தைகளுக்கு அது ஆபத்து. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2010-ல் எச்சரித்ததும் சமைத்த கீரையை முறையாகச் சேமிக்காததைப் பற்றித்தான். மாற்றம் நடப்பது மேசைமேல் கிடக்கும் நேரத்தில்; சூடாக்குகிற இரண்டு நிமிடத்தில் இல்லை. மதியம் வெந்ததை உடனே ஃபிரிட்ஜில் வைத்து இரவில் நன்றாகச் சூடாக்கிச் சாப்பிடும் பெரியவருக்குப் பயமில்லை. குழந்தைக்கு ஊட்டுவதாக இருந்தால் அவ்வப்போது புதிதாக வேகவைப்பதே சரி, நாலு நிமிட வேலைக்குச் சோம்பல் படவும் இடமில்லை.

நாலு நிமிடம் என்பது வேகவைக்க மட்டும். கீரை சமைக்காத வீடுகள் கீரையை விட்டது வேகவைக்கத் தெரியாமல் இல்லை, ஆய உட்கார நேரமில்லாமல். அரை மணி நேரம் குனிந்து காம்பு கிள்ளி, பழுத்ததை ஒதுக்கி, மண் போக அலசும் வேலையை எந்த இயந்திரமும் இன்னும் வாங்கிக்கொள்ளவில்லை. பல வீடுகளில் அது இன்னமும் பெண் ஒருவர் மடியில்தான் விழுகிறது. இந்த இடைவெளியில்தான் நகரங்களில் ஆய்ந்து நறுக்கிய கீரைப் பொட்டலம் நுழைந்திருக்கிறது. நறுக்கிய நொடியிலிருந்து, முன்பு சொன்ன அந்த நொதி வேலை செய்கிறது, கடைத் தட்டில் கிடக்கும் ஒவ்வொரு மணி நேரமும் வைட்டமின் சி இறங்குகிறது, வீட்டில் மறுபடி அலசினால் மிச்சமும் இறங்குகிறது. சில பொட்டலங்களில் உறையோடு அப்படியே மைக்ரோவேவில் வைக்கலாம் என்ற குறிப்பு வேறு. ஆய்ந்து, ஆனால் நறுக்காமல், முழு இலையாக விற்கும் கடைக்காரர் கிடைத்தால் அவரிடம் இரண்டு ரூபாய் கூடக் கொடுத்து வாங்கலாம். அதுவும் இல்லையென்றால், ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டிலிருக்கிற எல்லோர் மடியிலும் ஒரு கட்டைப் பிரித்துப் போடுவதைத் தவிர வழியில்லை, வீட்டு ஆண்பிள்ளைகளையும் சேர்த்துத்தான்.